ராத்திரி சோறு சாப்பிடலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாவுச்சத்தை எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். உணவியல் ஆலோசகர்களும் சர்க்கரைநோய் மருத்துவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாட்டு அளவை நீங்களே மாற்றிப் பார்க்கலாம். மாத்திரை, ஊசி அளவில் மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சோறு, இட்லி, சப்பாத்தி எதையும் தொடக் கூடாது, தொட்டால் அப்படியே கொழுப்பாகிவிடும் என்று என் கொழுந்தனார் வீட்டில் சட்டம் போட்டிருக்கிறார். காலையில் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமாம். உண்மையா?
(வாசகி, தென்காசி)

பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து.

ஒரே அளவு சாப்பாட்டைக் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் கொடுத்து ரத்தச் சர்க்கரையை அளந்தால், இரவில் கூடுதலாக ஏறுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆரோக்கியமான 14 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில் இந்த வித்தியாசம் 17 சதவீதம். சாப்பிட்டவுடன் கணையம் விடும் முதல் சுற்று இன்சுலின் காலையில் சுறுசுறுப்பாகவும் மாலையில் மந்தமாகவும் வருவது ஒரு காரணம். மெலட்டோனின் இன்னொரு காரணம். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே இந்த ஹார்மோன் ஊறத் தொடங்கிவிடும். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இதற்கு ஏற்பிகள் உண்டு. மெலட்டோனின் அங்கே போய் ஒட்டிக்கொண்டால் இன்சுலின் சுரப்பு தணிகிறது. ஸ்பெயினில் 845 பேரிடம் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், தூங்குவதற்கு 4 மணி நேரம் முன்பு குளுக்கோஸ் குடித்தபோது இருந்ததைவிட 1 மணி நேரம் முன்பு குடித்தபோது இன்சுலின் சுமார் 7 சதவீதம் குறைந்தும், சர்க்கரை சுமார் 8 சதவீதம் கூடியும் இருந்தது.

இதிலிருந்து ஒன்று புரியும். ஆறு மணி என்ற கணக்கு உடம்புக்குக் கிடையாது. நீங்கள் எப்போது தூங்கப் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு. 10.30-க்குப் படுப்பவர் 7.30-க்குள் சாப்பிட்டு முடித்தால் போதும். அது நடக்காத வீட்டில், 9.30 மணிக்கு வைக்கும் தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் காயையும் பருப்பையும் கூட்டுங்கள்.

‘கொழுப்பாகிவிடும்’ என்ற பேச்சுக்கு வருவோம். எடை விஷயத்தில் கடிகாரத்தின் பங்கு மிகச் சிறியது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 30 பேருக்கு 4 வாரம் காலையில் பெரிய சாப்பாடு, இன்னொரு 4 வாரம் இரவில் பெரிய சாப்பாடு என்று கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கலோரி ஒன்றே. இரண்டு முறையிலும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றாகவே, மூன்று கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. காலையில் அதிகம் சாப்பிட்டபோது பசி மட்டும் குறைவாக இருந்தது. இஸ்ரேலில் பருமனான 78 காவலர்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தில் பெரும்பகுதியை இரவுக்கு ஒதுக்கியவர்களுக்கு 6 மாதத்தில் எடை சற்றுக் கூடுதலாகவே குறைந்தது! அதே நாட்டில் 2013-ல் வெளியான வேறொரு ஆய்வில், 93 பெண்களில் காலையில் அதிகம் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் இளைத்தார்கள். இப்படி ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் முடிவுகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்கே சட்டம் போட முடியாது.

‘காலையில் எவ்வளவு வேண்டுமானாலும்’ என்பதைத்தான் உடனே நிறுத்த வேண்டும். எட்டு இட்லியில் 80 முதல் 95 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலை 8 மணி என்பதால் அது குறைந்துவிடாது. இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. முதலில் அந்த மொத்தம் குறையட்டும், நேரத்தை அடுத்தபடியாகப் பார்ப்போம்.

சுகர் வந்த பிறகு இரவில் சோற்றை விட்டுவிட்டு நாலு சப்பாத்தி சாப்பிடுகிறேன். ஆனாலும் குறையவில்லையே?
(வாசகர், கரூர்)

எடை போட்டுப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். 30 கிராம் கோதுமை மாவில் ஒரு சப்பாத்தி வரும். அதில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். 50 கிராம் அரிசியை வேகவைத்தால் ஏறக்குறைய 150 கிராம் சோறு. அதில் சுமார் 40 கிராம். ஆக இரண்டு சப்பாத்தியும் அந்தச் சோறும் சரிக்குச் சரி. நீங்கள் சாப்பிடும் நாலு சப்பாத்தி 300 கிராம் சோற்றுக்குச் சமம். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா என்றால், 100 கிராம் கிழங்குக்கு இன்னும் ஒரு 15 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சப்பாத்தியில் உண்மையான வசதி, அதை எண்ணிச் சாப்பிடலாம் என்பதுதான். சோற்றை யாரும் எண்ணுவதில்லை; குழம்புக்குக் கொஞ்சம், ரசத்துக்குக் கொஞ்சம், மோருக்குக் கொஞ்சம் என்று மூன்று முறை விழும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. சமையலறைத் தராசில் வெறும் தட்டை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, 150 கிராம் சோறு போடுங்கள். வெந்த சோற்றைத்தான் எடை போட வேண்டும், அரிசியை அல்ல. இந்தக் குழப்பத்தில் பலர் மூன்று மடங்கு சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்தச் சோறு எந்தக் கிண்ணத்தில் தலைதட்டி நிரம்புகிறதோ, அதுவே இனி உங்கள் அளவு. குழம்பு, ரசம், மோர் மூன்றுக்கும் அந்த ஒரு கிண்ணத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். வடித்த சோறு என்றால் சர்க்கரையெல்லாம் கஞ்சியோடு போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். போவது சிறு பகுதிதான்.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம், ஒரு கரண்டி மாவில் வார்த்த சாதா தோசையில் 18 முதல் 22 கிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேழ்வரகை இரவில் சாப்பிடக் கூடாது, செரிக்காது என்கிறார்களே?
(வாசகி, தருமபுரி)

இரவில் மட்டும் செரிக்காமல் போக அதில் எதுவும் இல்லை. நார்ச்சத்து கூடுதல் என்பதால் படுக்கப் போகும் நேரத்தில் நிறையச் சாப்பிட்டால் வயிறு உப்பலாக இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. எடைக்கு எடை கேழ்வரகிலும் மாவுச்சத்து அரிசிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். ரொட்டியாகவோ அடையாகவோ முருங்கைக்கீரை போட்டுச் சுட்டால் மெதுவாக ஏறும்.

என் அம்மாவுக்கு 62 வயது. இரவில் இரண்டு இட்லிதான் சாப்பிடுகிறார். ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 165 காட்டுகிறது. இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிடலாமா?
(வாசகர், மதுரை)

வேண்டாம். அந்த 165, இட்லியிலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு. அது ஈரலிலிருந்து வருகிறது.

விடியற்காலை 3 மணிக்கு மேல் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ஏறத் தொடங்கும். நாம் எழுந்து நடமாட வேண்டுமே என்று ஈரல் சேர்த்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும். நோய் இல்லாதவருக்கு அதற்கேற்ப இன்சுலினும் சுரந்து சமன் செய்துவிடும். இரண்டாம் வகை சர்க்கரைநோயில் அப்படிச் சமன் ஆவதில்லை. பட்டினி கிடந்தாலும் ஈரல் தன் வேலையை நிறுத்தாது. இரவு மாத்திரையோ ஊசியோ இருந்தால், பட்டினி நேரடி ஆபத்து.

எங்கே பிழை என்று கண்டுபிடிக்க, அடுத்தடுத்து இல்லாவிட்டாலும் இரண்டு இரவுகளில் நான்கு முறை பாருங்கள்: இரவுச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்து, படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்தவுடன். படுக்கும்போது 130 அல்லது 140, எழும்போது 165 என்றால் ஈரல்தான். சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 230, படுக்கும்போது 220, காலையில் 170 என்றால் இரவுத் தட்டில்தான் கோளாறு. இரண்டு இட்லி என்ற கணக்கில் பாலும் பழமும் பிஸ்கெட்டும் விடுபட்டிருக்கும். 3 மணிக்கு 70-க்குக் கீழே இருந்தால் மருந்து அதிகம் என்று பொருள். மறுநாளே மருத்துவரிடம் போங்கள். இந்த எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை (HbA1c) சொல்லாத விஷயங்கள் தெரியும்.

முதல் பதிலில் காலையில் சர்க்கரை குறைவாக ஏறும் என்றோமே, இது முரணாக இல்லையா என்று கேட்பீர்கள். அது நோய் இல்லாதவர்களின் கதை. சர்க்கரைநோய் உள்ள பலருக்கு நாளிலேயே பெரிய ஏற்றம் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. ஏற்கெனவே 165-ல் நிற்கும் ரத்தத்தில் ஐந்து இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் இறங்கினால் என்ன ஆகும்? ஆகவே அம்மாவின் காலைத் தட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும்: இரண்டு அல்லது மூன்று இட்லி, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை அல்லது ஒரு கைப்பிடி சுண்டல், சர்க்கரை இல்லாத காபி. இரவில் 7.30-க்கு இரண்டு இட்லியும் காய்கறிக் கூட்டும் அப்படியே இருக்கட்டும்.

ஆளுக்கு ஆள் மாறும் என்கிறீர்கள். எனக்குக் காலையில் மாவுச்சத்து ஒத்துவருகிறதா, இரவிலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?
(வாசகர், புதுச்சேரி)

முடியும். வீட்டு குளுக்கோமீட்டரும் பொறுமையும் போதும். ஆனால் பெரும்பாலோர் இதை அரைகுறையாகச் செய்து தவறான முடிவுக்கு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

ஒரே சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்: எடைபோட்ட மூன்று இட்லி, ஒரே அளவு சாம்பார், சட்னி வேண்டாம். அதை மூன்று நாள் காலை 8 மணிக்கும், வேறு மூன்று நாள் இரவு 8 மணிக்கும் சாப்பிடுங்கள். முதல் வாய் வைப்பதற்கு முன் ஒரு முறை, முதல் வாயிலிருந்து சரியாக 2 மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். கை கழுவிய நேரத்திலிருந்து கணக்கிடுவது பரவலான தவறு. அரை மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுபவருக்கு அது இரண்டரை மணி நேரமாகி, எண் குறைந்து தெரியும்.

கடைசி எண்ணை ஒப்பிடாதீர்கள், ஏற்றத்தை ஒப்பிடுங்கள். காலையில் 150-லிருந்து 200, இரவில் 110-லிருந்து 195 என்று வந்தால், காலை எண் பெரிதாகத் தெரிந்தாலும் ஏற்றம் காலையில் 50, இரவில் 85. அப்படியானால் உங்களுக்கு இரவில்தான் மாவுச்சத்து அதிகம் ஏற்றுகிறது. காலையில் 150 என்று தொடங்குவது வேறு பிரச்சினை. அதற்கு மேலே மதுரை வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

எந்த வித்தியாசத்தை நம்பலாம்? மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 100-க்கு மேல் உள்ள அளவுகளில் கூட்டியும் குறைத்தும் 15 சதவீதம் வரை பிழையை அனுமதிக்கிறது. 180 என்று காட்டினால் உண்மையில் 160-ஆகவும் இருக்கலாம், 200-ஆகவும் இருக்கலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு 10, 15 புள்ளி கூடிவிட்டது என்று கவலைப்படுவதில் பயனில்லை. மூன்று நாள் சராசரியில் 30-க்கு மேல் வித்தியாசம் நின்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். ஆரஞ்சு உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு ஒன்றே போதும், அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும். ஈர விரலில் ரத்தம் நீர்த்து அளவு குறையும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்தவுடன் மூடிவிடுங்கள். காற்றின் ஈரம் பட்ட ஸ்ட்ரிப் தப்பாகக் காட்டும். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடிக்க நடக்கிறோம், மாடி ஏறுகிறோம். இரவில் சாப்பிட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறோம். அந்த நடையே வித்தியாசத்தில் பாதியை உண்டாக்கிவிடலாம். ஆகவே சோதனை நாட்களில் இரண்டு வேளையும் ஒரே மாதிரி உட்கார்ந்திருங்கள். தூக்கம் கெட்ட மறுநாளும், காய்ச்சல் நாளும் கணக்கில் சேராது.

என் கணவர் சர்க்கரைக்குக் கிளிமிப்பிரைடும் வோக்ளிபோஸும் சாப்பிடுகிறார். சென்ற மாதம் இரவில் சோற்றை அறவே விட்டு வெள்ளரிக்காய், முட்டையோடு நிறுத்தினார். இப்போது நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி எழுகிறார். சர்க்கரை கொடுத்தாலும் சீக்கிரம் தெளிவதில்லை.
(வாசகி, வேலூர்)

அம்மா, இதைப் படித்த உடனே அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள். இன்றிரவு அவர் வழக்கமான அளவில் இட்லியோ சோறோ சாப்பிடட்டும். இது தாழ் சர்க்கரை. கிளிமிப்பிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் தட்டில் சோறு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். இவற்றைச் சாப்பிடுபவர்கள் மாவுச்சத்தைக் குறைக்க விரும்பினால், மருத்துவர் மருந்தைக் குறைத்துக் கொடுத்த பிறகே குறைக்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இப்படி ஆவது அரிது.

சர்க்கரை கொடுத்தும் தெளியாததற்குக் காரணம் வோக்ளிபோஸ். நாம் போடும் சர்க்கரையைக் குடலில் உடைத்துக் குளுக்கோஸாக்கும் நொதியை அது தடுக்கிறது. வெல்லம், சாக்லெட், பிஸ்கெட்டுக்கும் இதே கதி. இவர் விஷயத்தில் குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும். அதை உடைக்க வேண்டியதில்லை. நேராக ரத்தத்தில் சேரும். மருந்துக்கடையில் வாங்கிக் கட்டில் பக்கத்திலேயே வையுங்கள்.

நடுக்கம் வந்தால் முதலில் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் மோர் சாதமோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை இன்னும் வேலை செய்துகொண்டிருப்பதால் மறுபடி இறங்கும். மீட்டர் கையில் இல்லை என்றால் காத்திருக்காமல் குளுக்கோஸைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

ஏழு மாதக் கர்ப்பம். கர்ப்பகாலச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். மதியம் சோறு சாப்பிட்டால் ஏறாத சர்க்கரை காலை மூன்று இட்லிக்கு ஏறிவிடுகிறது. ஏன்? காலையில் பட்டினி இருக்கலாமா?
(வாசகி, நாகர்கோவில்)

பட்டினி கூடவே கூடாது. கர்ப்பத்தில் காலை நேரத்தில்தான் உடம்பு இன்சுலினுக்கு அதிகம் முரண்டு பிடிக்கும். அதனால் காலையில் மட்டும் மாவுச்சத்தைச் சுமார் 30 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். மூன்று இட்லியைப் பிரித்துவிடுங்கள்: 7.30-க்கு இரண்டு இட்லி, ஒரு முட்டை, சாம்பார். 10 மணிக்கு மீதி ஒரு இட்லியோ ஒரு கைப்பிடி சுண்டலோ. காலையில் பழச்சாறு, சத்துமாவுக் கஞ்சி இரண்டும் வேண்டாம். பழம் சாப்பிட மாலை 4 மணி நல்ல நேரம்.

பொதுவான இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு 1 மணி நேரத்தில் 140-க்குள், 2 மணி நேரத்தில் 120-க்குள். பயந்துபோய் மொத்த மாவுச்சத்தையும் வெட்டிவிடாதீர்கள். கர்ப்பத்தில் நாளுக்குக் குறைந்தது 175 கிராம் தேவை என்பது பொதுவான பரிந்துரை. இரவு 7.30-க்குச் சாப்பிட்டு மறுநாள் காலை 8 வரை வயிறு காயப் போட்டால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும். அதனால் படுக்கும் முன் ஒரு டம்ளர் சர்க்கரை இல்லாத பாலும் நாலைந்து பாதாமும் சாப்பிடுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் எண்கள் இறங்காவிட்டால் இன்சுலின் தேவைப்படலாம். அது உங்கள் குற்றம் அல்ல. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களின் வேலை.

நர்ஸாக இருக்கிறேன். இரவு 8 முதல் காலை 8 வரை டியூட்டி. எனக்கு எது இரவுச் சாப்பாடு, எது காலைச் சாப்பாடு?
(வாசகி, கோவை)

வேலை இரவுக்கு மாறினாலும் உடம்புக் கடிகாரம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. 2021-ல் வெளியான ஒரு ஆய்வில் 19 பேரை இரவு வேலைச் சூழலில் வைத்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது; பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. உங்களுக்கு முழு இரவும் பட்டினி கிடப்பது நடைமுறையில் வராது. நோயாளிகளைப் பார்க்கும்போது தலைசுற்றல் வேறு வரக் கூடாது.

டியூட்டிக்குக் கிளம்பும் முன் 6.30 அல்லது 7 மணிக்குச் சோறு, குழம்பு, காய் என்று முறையான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிடுங்கள். நள்ளிரவு 12 மணி வாக்கில் சுண்டல் அல்லது இரண்டு அவித்த முட்டை, மோர். கேன்டீன் பரோட்டாவும், 3 மணிக்குச் சர்க்கரை டீயுடன் பன்னும்தான் நைட் டியூட்டிக்காரர்களைக் கெடுக்கின்றன. காலையில் வீடு திரும்பியதும் பசித்தால் இரண்டு இட்லியோடு படுங்கள். பசியில் தூக்கம் வராது, வயிறு முட்டினாலும் வராது. எழுந்ததும் மதியச் சாப்பாடு. சுழற்சி முறை டியூட்டியில் இன்சுலின் போடுபவர்கள் நைட் வாரத்துக்கும் டே வாரத்துக்கும் தனித்தனி அட்டவணையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காவலர் உடற்தகுதித் தேர்வுக்கு அதிகாலை 5 மணிக்கு ஓட்டப் பயிற்சி செய்கிறேன். இரவில் சோறு சாப்பிடக் கூடாது என்று பயிற்சிக் கூட்டாளிகள் சொல்கிறார்கள்.
(வாசகர், விழுப்புரம்)

நன்றாகச் சாப்பிடுங்கள் தம்பி. உங்களுக்கு இரவுச் சோறுதான் மறுநாள் ஓட்டத்துக்கான எரிபொருள். தசையில் கிளைக்கோஜனாகச் சேர்ந்த மாவுச்சத்து இரவுத் தூக்கத்தில் கரைந்துவிடாது. ஈரலில் உள்ள சேமிப்பு மட்டும் விடியும்போது குறைந்திருக்கும். அதனால் 4.30-க்கு ஒரு வாழைப்பழமும் அரை டம்ளர் தண்ணீரும் போதும். இட்லி சாப்பிட்டுவிட்டு ஓடினால் வயிற்றைப் பிடிக்கும். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லி, முட்டை, பால் என்று காலைச் சாப்பாடு.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் மாவுச்சத்து போகாவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்களில் சொல்வதை நம்ப வேண்டாம். அன்று மாலையே மறுபடி ஓட வேண்டியவருக்குத்தான் அந்த அவசரம். அவர் முதல் நான்கு மணி நேரத்தில் மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் என்ற கணக்கில் சாப்பிட வேண்டும். நாளுக்கு ஒரு முறை ஓடுபவருக்கு 24 மணி நேரத்து மொத்தம் சரியாக இருந்தால் போதும்.

மதியம் சோறு சாப்பிட்டால் தூக்கம் வருகிறது. அப்படியானால் இரவில் சாப்பிட்டால் நன்றாகத் தூங்கலாமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ஓரளவு உண்மை. ஆஸ்திரேலியாவில் 12 ஆண்களிடம் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், சர்க்கரையை வேகமாக ஏற்றும் மல்லிகை அரிசிச் சோற்றைப் படுப்பதற்கு 4 மணி நேரம் முன்பு சாப்பிட்டவர்கள் சராசரியாக 9 நிமிடத்தில் தூங்கினார்கள். மெதுவாக ஏற்றும் அரிசியைச் சாப்பிட்டபோது 17.5 நிமிடம் ஆனது. அந்த 4 மணி நேரத்தைக் கவனியுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் சாப்பிட்டால் நெஞ்செரிச்சல் வந்து இருக்கிற தூக்கமும் போகும். சர்க்கரைநோய் உள்ளவர்கள் தூக்கத்துக்காக இதை முயல வேண்டாம்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடையை அடைத்து வீட்டுக்கு வர 10 மணி ஆகிவிடும். 7.30-க்குச் சாப்பிடு என்றால் எப்படி? பிரீ டயாபடிஸ், அதாவது சர்க்கரைநோய்க்கு முந்தைய நிலை என்று சொல்லியிருக்கிறார்கள்.
(வாசகர், திருச்சி)

கடைக்கே டிபன் கேரியர் வரட்டும். 7 மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தபடியே இரண்டு சப்பாத்தியோ ஒரு கிண்ணம் சாதமோ காயோடு சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வீட்டாரோடு உட்காரும்போது ரசம், ஒரு கிண்ணம் பொரியல், மோர். குடும்பத்தோடு சாப்பிடும் சுகத்தை விட வேண்டியதில்லை. மாவுச்சத்தை மட்டும் மூன்று மணி நேரம் முன்னால் நகர்த்துகிறோம்.

அதுவும் முடியாத நாட்களில், சாப்பிடும் வரிசையை மாற்றுங்கள். காயையும் பருப்பையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துச் சோற்றுக்கு வாருங்கள். நியூயார்க்கில் சர்க்கரைநோய் உள்ள 11 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். அதே சாப்பாடு, வரிசை மட்டும் மாறியது; ஒரு மணி நேரத்தில் இருந்த சர்க்கரை 37 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத யோசனை. நம் வீடுகளில் பொரியல் சோற்றுக்குத் துணையாக ஓரத்தில் இரண்டு தேக்கரண்டி விழுகிறது. அது முதலில் ஒரு முழுக் கிண்ணமாக வர வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் சேப்பங்கிழங்கும் இந்தக் கணக்கில் காய் அல்ல.

சாப்பிட்டதும் 10 நிமிடம் நடங்கள். நியூசிலாந்தில் சர்க்கரைநோய் உள்ள 41 பேரைத் தினமும் ஒரே மூச்சாக 30 நிமிடம் நடக்கவைத்தார்கள். பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடமாக நடக்கவைத்தார்கள். பிரித்து நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதமும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதமும் குறைந்தது. நடக்கும் தசை இன்சுலினைக் கேட்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும் என்பதால்தான் இன்சுலின் மந்தமான இரவில் இது இவ்வளவு உதவுகிறது. வேக நடை தேவையில்லை. பேசிக்கொண்டு நடக்கும் வேகம் போதும். தெருவில் நாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ நடங்கள். உங்கள் வீட்டில் சர்க்கரைநோய் இருந்து கால் மரத்துப்போனவர் யாராவது கூட நடக்க வந்தால், வீட்டுக்குள் நடந்தாலும் அவர் செருப்புப் போட்டுக்கொள்ளட்டும். கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது.